கட்டிக்கொள்ளப் போகிறவர் சக்கரையைக் கவனிக்காமல் விட்டால்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 31 வயது, அவருக்கு 34. ஐந்து ஆண்டுப் பழக்கம். சிங்கப்பூரில், பொங்கோலில் பிடிஓ வீடு (முன்பதிவின் பேரில் கட்டித்தரும் அரசு வீடு) கிடைத்திருக்கிறது, அடுத்த ஆண்டு சாவி. அவருக்கு 29 வயதில், புது வேலைக்காக எடுத்த உடற்பரிசோதனையில், இனிப்புநீர், அதாவது சக்கரை நோய், இருப்பது தெரிந்தது. கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரைகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி என்ற சக்கரை அளவு 9.8. விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. கேட்டால் "எனக்கு ஒன்னும் செய்யல, நீ சும்மா இரு" என்கிறார். அவருடைய அப்பா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். "அவரை எப்படி மருந்து சாப்பிட வைப்பது?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். போன மாதம் பாலிகிளினிக் போய்விட்டு வந்ததாகச் சொன்னார், அன்று அவர் போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது, இவரைக் கட்டிக்கொள்ளத் தயங்குவது சுயநலமா என்று. மாத்திரையைவிட அந்த வரிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பாலிகிளினிக்கில் இனிப்புநீர்க்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள். மருத்துவர் அல்ல. அவரை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவர் உடம்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பொதுவாக உண்மையானவை, அவருக்கு எது எவ்வளவு பொருந்தும் என்பதை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் சக்கரை உள்ள ஒருவரும் அவர்மேல் அன்பு வைத்த ஒருவரும் என் மேசைக்கு எதிரே சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசுவதை மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சக்கரையின் சராசரியைக் காட்டும் அளவு. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இனிப்புநீர். பெரும்பாலானவர்களுக்கு 7 அல்லது அதற்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். 9.8 என்றால் இரவும் பகலும் சேர்த்துச் சராசரியாக லிட்டருக்கு 13 மில்லிமோல் அளவில் சக்கரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "ஒன்னும் செய்யல" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கண்ணின் விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது பார்வை மங்காது. சிறுநீரில் புரதம் கசியும்போது வலிக்காது. பாத நரம்பு கெட்டால் வலி வருவதற்குப் பதில் பலருக்கு உணர்ச்சியே போய்விடுகிறது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் செய்யச் சொல்கிறோம். 40 வயதுக்குள் இரண்டாம் வகை இனிப்புநீர் வந்தவர்களுக்குச் சிக்கல்கள் சீக்கிரமாக வரும் போக்கு உண்டு என்பதும் தெளிவாகத் தெரிந்த விஷயம். நம் இந்தியர்களுக்கு இந்த நோய் சிறுவயதிலும், அவ்வளவு பருமன் இல்லாதபோதும் வருகிறது. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இனிப்புநீரே காரணம்.

இதே அளவு உறுதியான நல்ல செய்தியும் உண்டு, அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 1998இல் வந்தன. சக்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவைவிட, கண், சிறுநீரகம் போன்ற சின்ன இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 25 விழுக்காடு குறைந்திருந்தன. இரண்டு குழுக்களுக்கும் எச்பிஏ1சியில் இருந்த வித்தியாசம் ஒரு விழுக்காடு அளவுதான். பத்து ஆண்டு கழித்து, 2008இல், அதே ஆட்களைத் திரும்பப் பார்த்தபோது சக்கரை வித்தியாசம் மறைந்துபோயிருந்தும் அந்த நன்மை நிலைத்திருந்தது. முதல் ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட அக்கறையை உடம்பு நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் ஐந்து ஆண்டைத் தவறவிட்டுவிட்டார், ஆனால் இன்னும் 34 வயதுதான். 9.8இலிருந்து 7க்கு வந்தவர்கள் நிறைய பேர் உண்டு, பலர் ஒரே ஆண்டுக்குள் வந்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் ஏன் கவனிக்க மாட்டேன் என்கிறார்? அக்கறை இல்லாததால் மாத்திரையை விட்டவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பயத்தால் விட்டவர்கள் மிக அதிகம். சின்ன வயதிலிருந்து அப்பாவின் கையில் டயாலிசிஸ் ஊசித் தழும்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, "உனக்கும் இனிப்புநீர்" என்ற வார்த்தை தீர்ப்பு மாதிரி கேட்கும். அப்பா மாத்திரை சாப்பிட்டார், அப்படியும் சிறுநீரகம் போனது, அப்புறம் எனக்கு மாத்திரை எதற்கு என்று மனம் கணக்குப் போடும். இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நம்புகிறவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் அளவைக் குறைப்பார்கள், மிகவும் பலவீனமானால் நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

சாதாரணமான காரணங்களும் உண்டு. மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். ஷிஃப்டில் நிற்கிறவருக்கு அது பெரிய தொல்லை. முதல் வாரம் இரண்டு மூன்று முறை கழிவறைக்கு ஓடியவர், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால், சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும். ஆனால் மருத்துவரிடம் சொன்னால்தானே மாற்றுவார்? இரவு மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு "காலை, மாலை" என்று ஒட்டிய சீட்டு எந்த வேளையைக் குறிக்கிறது என்பதே குழப்பம். ஷிஃப்ட் நேரத்தைச் சொன்னால் ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று அமைத்துத் தர முடியும். அவர் விட்டதற்குக் காரணம் இதுவா பயமா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். "சாப்பிட்டியா?" என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள், "சாப்பிட்டா உனக்கு என்ன ஆகுது?" என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்த நோயோடு வாழ்வதில் வரும் சலிப்பையும் பயத்தையும் குற்றவுணர்ச்சியையும் அளக்க, வில்லியம் பொலான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1995இலேயே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். இனிப்புநீர் மனச்சுமை என்று இப்போது மருத்துவர்கள் பேசுவது அங்கிருந்து வளர்ந்தது. இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது, ஆனால் அந்த நோயும் இனிப்புநீர் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அவர் முன்பு ரசித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, எரிந்து விழுந்துகொண்டே இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பையைத் துழாவுவது, மாத்திரையை எண்ணுவது, காப்பிக்கடையில் அவர் தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) சொன்னதும் முறைப்பது, பரோட்டாவை எண்ணுவது, இதெல்லாம் செய்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதனால் சக்கரை இறங்கி நான் பார்த்ததில்லை. நீங்கள் இல்லாத இடத்தில் சாப்பிடத்தான் கற்றுக்கொள்வார். அன்றைக்கு பாலிகிளினிக் போனதாகச் சொன்ன பொய்யும் ஒருவேளை இங்கே பிறந்ததாக இருக்கலாம். அதற்காக அந்தப் பொய் உங்கள் தப்பாகிவிடாது. பொய் சொன்னவர் அவர். துணை கண்காணிப்பாளராக மாறும்போது நோயாளி விலகிப் போவதும், "இது நம்ம பிரச்சினை" என்று இருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும்போது கவனிப்பு மேம்படுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. இருந்தாலும் இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். தம்பதியர் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்த சோதனைகளில், நோயாளிக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததைவிடச் சக்கரை பெரிதாக இறங்கிவிட்டது என்று எல்லா இடத்திலும் முடிவு வரவில்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக நடந்துகொண்டாலும் அவர் எண் இறங்கும் என்று யாராலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள் என்பேன். சண்டை இல்லாத ஒரு நாளில், சாப்பாட்டு மேசையில் வேண்டாம், நடந்துகொண்டோ எம்ஆர்டியில் பக்கத்தில் உட்கார்ந்தோ, இப்படிச் சொல்லுங்கள்: "இனிமே நீ என்ன சாப்பிட்டே, மாத்திரை போட்டியான்னு கேக்க மாட்டேன். உங்க அப்பா மாதிரி ஆயிடுவியோன்னு எனக்கு பயமா இருக்கு. உனக்கும் அந்த பயம் இருக்கா?" அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்ல நேரம் எடுக்கலாம், அன்றைக்குப் பதிலே வராமலும் போகலாம். பதில் வந்தால், அடுத்த பாலிகிளினிக் தேதிக்குக் கூட வரலாமா என்று மட்டும் கேளுங்கள். கல்யாணம் ஆகாதவர் உள்ளே வரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது, நோயாளி சம்மதித்தால் போதும். அங்கே நீங்கள் புகார் சொல்லப் போகவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், பிரிக்காததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அவரே எடுத்து வரட்டும். "இதைச் சாப்பிடவில்லை" என்று அவர் வாயால் சொன்னால் பாதி வேலை முடிந்தது. சாப்பிடாத மாத்திரையைச் சாப்பிட்டதாக நினைத்து மருத்துவர் இன்னொன்றைச் சேர்ப்பது ஆபத்து. பின்னால் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் சக்கரை தடாலென்று இறங்கிவிடும். 29 வயதில் வந்தது என்பதால், இது இரண்டாம் வகைதானா என்று உறுதி செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். இளவயதில் சிலருக்கு வேறு வகையாக இருக்கும், மருந்தே மாறும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் சுகாதாரத் திட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்பதால் அவருக்கு அதில் சேர அழைப்பு வந்திருக்காது. ஆனால் நாள்பட்ட நோய்த் திட்டத்தில் அவருடைய மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். 2021 முதல் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, நோய் சிக்கலானதாக இருந்தால் 700 வெள்ளி வரை என்று இருக்கிறது. பணம் காரணமாக இருக்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் அவர் அம்மா அனுப்பும் பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் பற்றி: வெந்தயம் சக்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதற்குச் சிறிய ஆய்வுகள் உண்டு. 9.8ஐ அது மட்டும் இறக்கிவிடாது. சமையலில் இருக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். தே குடிப்பதை நிறுத்தச் சொல்வதைவிட, "கோசோங்" (சக்கரை வேண்டாம்) என்றோ "சியு தாய்" (இனிப்பு குறைவாக) என்றோ அவராகச் சொல்லிப் பழகுவது நிலைக்கும். நீங்களும் அதையே குடியுங்கள்.

நம் ஆட்கள் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. சக்கரை நீண்ட காலம் கட்டுக்கடங்காமல் இருந்தால் ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் சிரமம் வரும், மற்றவர்களைவிட இளவயதிலேயே வரலாம். அந்த வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்ப்பவர்கள் நிறைய பேர். உங்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இருந்தால், அது சிகிச்சைக்கு உட்பட்டது. இதய இரத்தக்குழாய்களில் பழுது தொடங்குவதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் அதைத் தெரிந்துகொள்ளவே விரும்புவார். வெட்கப்பட்டுத் தெருவில் விற்கும் மாத்திரையை மட்டும் வாங்கிவிடக் கூடாது. 2008இன் முதல் மாதங்களில் சிங்கப்பூரில், இனிப்புநீர் இல்லாத 150 பேர் சக்கரை அபாயமாக இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நால்வர் இறந்தார்கள். சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சக்கரை மருந்து கலந்திருந்ததுதான் காரணம்.

வீட்டு விஷயம் ஒன்று, இது உங்களுக்கு உடனடியாகப் பயன்படும். வீட்டுக் கடனை சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்தில் கட்டுவதென்றால் வீட்டுப் பாதுகாப்புத் திட்டக் காப்புறுதி எடுக்க வேண்டும். கடன் கட்டுகிறவர் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ வீடு கைவிட்டுப் போகாமல் காப்பது அதுதான். அதற்கு உடல்நிலையை அறிவிக்க வேண்டும், இனிப்புநீரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நாளில் காப்புறுதியே செல்லாமல் போகலாம். அவர் அந்தப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். அது நச்சரிப்பு ஆகாது, இருவர் பெயரிலும் உள்ள கடன். அந்தக் கேள்விக்கு அவர் உண்மையை எழுதுகிறாரா, தயங்குகிறாரா, "யாருக்குத் தெரியப் போகுது" என்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் என் கருத்தில் நீங்கள் எடைபோட வேண்டியது அவருடைய சக்கரை எண்ணை அல்ல. 9.8 இறங்கக்கூடிய எண். சக்கரை உள்ளவரைக் கட்டிக்கொண்டு நிறைவாக வாழ்கிறவர்கள் நம் தேக்கா கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்தாலே உங்கள் கண்ணில் படுவார்கள். அவர் உங்களிடம் மறைப்பது தொடருமா என்பதுதான் கேள்வி. மோசமான பரிசோதனை முடிவை உங்கள் கையில் கொடுத்து "பயமா இருக்கு" என்று சொல்கிறவரோடு வாழலாம். நல்ல முடிவு வந்ததாகப் பொய் சொல்கிறவரோடு வாழ்ந்தால், நோய் முற்றும் நாள் வரை உங்களுக்குத் தெரியாது. அப்போது டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரப் போவது நீங்கள். ஆகவே இதைப் பற்றி யோசிப்பது சுயநலம் இல்லை. உங்கள் வருங்கால மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வாழ்க்கை எப்படி என்று அவரைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் அம்மாவிடம் சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். "பையனுக்குச் சக்கரையாம்" என்றால் சம்பந்தமே கலையும் வீடுகள் நம்மிடையே உண்டு, அந்தப் பயத்தால் மறைக்கிறார்கள். நோய் அவருடையது, சொல்வதும் அவர் வாயால் வருவதே நல்லது. ஆனால் நிச்சயத்துக்கு முன் அவர் சொல்லிவிட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். அடங்காத தாகம், திடீர் எடைக் குறைவு, அதோடு வாந்தியும் வயிற்று வலியும் மூச்சிரைப்பும் குழப்பமும் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். கிளிபிசைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் போன்ற சக்கரை மருந்துகளைத் தொடங்கினால், சக்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கி வியர்க்கும். சுயநினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் 15 கிராம் சக்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காலக்கெடு என்று ஒன்று வேண்டுமானால், மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தொடங்கினால் எச்பிஏ1சி நகர்வதைப் பார்க்க அவ்வளவு காலம் ஆகும். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், உண்மையிலேயே செய்யப் போவதை மட்டும் சொல்லுங்கள். அதற்குள் அவர் ஒருமுறை உங்களோடு போய், உண்மையைச் சொல்லி, மாத்திரையையோ அதற்கு மாற்றையோ தொடங்கிவிட்டால், எண் இன்னும் 8.5இல் நின்றாலும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன். மூன்று மாதத்திலும் போகவே இல்லை என்றால், அல்லது இன்னொரு பொய் வந்தால், திருமணப் பதிவகத்தில் நோட்டீஸ் கொடுப்பதைத் தள்ளிப் போடுங்கள். நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழித்துத்தான் பதிவு செய்ய முடியும், மூன்று மாதத்துக்குள் செய்துவிடவும் வேண்டும், அதனால் அவசரப்பட்டு முன்கூட்டியே கொடுத்து வைப்பதில் லாபம் இல்லை. திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க விடும் நிச்சயிக்கப்பட்டோர் திட்டத்தில் வீடு எடுத்தவர்கள் சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். சாவி அடுத்த ஆண்டுதான் என்கிறீர்கள். வீட்டுக்காக இந்த ஆண்டே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.